நான்காம் செமஸ்டர் நர்சிங் மாணவிகள் மொத்தமாகச் சோர்ந்து போகிறார்கள்: கல்லூரி அளவில் எதை முதலில் மாற்றுவது?

டியூட்டர்_டெல்டா:

வணக்கம். பி.எஸ்சி. நர்சிங் நான்காம் செமஸ்டர், 60 பேர் பேட்ச். முக்கால்வாசிப் பேர் ஹாஸ்டல். பாதிக்கு மேல் தமிழ் வழியில் பிளஸ் டூ முடித்தவர்கள். காலை 6.30-க்கு பஸ், 7 முதல் 1 வரை போஸ்டிங் (ஆஸ்பத்திரி வார்டில் பயிற்சி), 2 முதல் 4.30 வரை வகுப்பு, சனிக்கிழமையும் இதே. ராத்திரி ரெக்கார்டு எழுத்து.

இந்த செமஸ்டரில் கேர் பிளான் (நோயாளிக்கான பராமரிப்புத் திட்டம்) எல்லாம் சீனியர் நோட்டிலிருந்து அப்படியே காப்பி. வார்டில் பேஷன்ட்டிடம் பேச்சே இல்லை. காலையில் தலைசுற்றி உட்காருகிறவர்கள் அதிகமாகிவிட்டார்கள். இரண்டு பேர் "படிப்பை விட்டுடலாம்னு இருக்கு மேம்" என்கிறார்கள். நிர்வாகம் வாரம் ஒரு மணி நேரம் யோகா, ஒரு மோட்டிவேஷன் பேச்சு என்று யோசிக்கிறது.

என் கேள்விகள்: இது பர்ன் அவுட்டா, டிப்ரெஷனா என்று எப்படிப் பிரித்துப் பார்ப்பது? கல்லூரி அளவில் எதைத் தொட்டால் உடனே பலன் தெரியும்? லீவு கொடுத்து வீட்டுக்கு அனுப்பினால் அட்டெண்டன்ஸ் 80 சதவீதத்துக்குக் கீழே போகாதா?

---

மனநல_விரிவுரையாளர்:

மேடம், யோகாவுக்கு முன்னால் டைம்டேபிளைக் கையில் எடுங்கள். நீங்கள் எழுதிய நேரத்தைக் கூட்டினால் தினம் எட்டரை மணி, ஆறு நாளுக்கு 51 மணி. இந்திய நர்சிங் கவுன்சிலின் 2021 பாடத்திட்டம் போட்ட கணக்கு வாரம் 40 மணி, செமஸ்டருக்கு 20 வாரம். அதாவது ரெக்கார்டு நோட்டைத் திறப்பதற்கு முன்பே 11 மணி நேரம் கூடுதல். பஸ்ஸும் எழுத்தும் இதற்கு மேல். இந்த 51-க்குள் இன்னொரு மணி நேரத்தைத் திணித்து "ரிலாக்ஸ்" செய்யச் சொன்னால் அது 52 ஆகும், அவ்வளவுதான்.

நான்காம் செமஸ்டரில் இறுக்கம் கூடுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. முதல் நான்கு செமஸ்டர் அரியரை முடிக்காமல் ஐந்தாம் செமஸ்டர் தேர்வு எழுத முடியாது. அனாட்டமி, பிசியாலஜியில் அரியர் வைத்திருப்பவர்களுக்கு இப்போது இரட்டைப் படிப்பு. யார் யாருக்கு எத்தனை பேப்பர் பாக்கி என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். அழுகிறவர்கள் பட்டியலும் அரியர் பட்டியலும் பெரும்பாலும் ஒட்டிப் போகும். அவர்களுக்கு வேண்டியது கவுன்சலிங் மட்டும் அல்ல, அந்தப் பாடத்துக்கு வாரம் இரண்டு மணி நேரம் வேலை நேரத்துக்குள்ளேயே ஒதுக்கப்பட்ட திருப்புதல் வகுப்பு.

உடனே பலன் தரும் இடம் எழுத்து வேலை. ஒரு கேர் பிளானை எடுத்துக்கொள்ளுங்கள். அசெஸ்மென்ட், நர்சிங் டயக்னோசிஸ், கோல், இன்டர்வென்ஷன், ரேஷனேல் (ஏன் அதைச் செய்கிறோம் என்ற காரணம்), எவால்யுவேஷன் என்று ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்டு, இரண்டு கலர் பேனாவில் எழுதி, உடம்பின் படம் வரைந்து முடிக்க மூன்று மணி நேரத்துக்குக் குறையாது. இதில் கற்றல் நடப்பது எங்கே? நோயாளியைப் பார்த்து எது முதல் பிரச்சினை என்று முடிவு செய்கிற இடத்திலும், ரேஷனேல் எழுதுகிற இடத்திலும் மட்டும். மற்றதெல்லாம் கையெழுத்துப் பயிற்சி. ஆகவே கட்டம் அச்சடித்த தாளைக் கொடுங்கள். டயக்னோசிஸ் ஐந்து வேண்டாம், முன்னுரிமைப்படி இரண்டு போதும், ஆனால் அந்த இரண்டும் அன்று அவள் பார்த்த நோயாளியுடையதாக இருக்க வேண்டும். நோயின் வரையறை, காரணம், அறிகுறி என்று பாடப்புத்தகத்தைப் படியெடுக்கும் பக்கங்களை எடுத்துவிடுங்கள். ஒரு மணி நேரத்தில் முடியும். திருத்தும் உங்களுக்கும் பாதி வேலை.

லாக் புக்கில் (செய்த பயிற்சிகளைக் குறிக்கும் பதிவேடு) கவுன்சில் கேட்கும் தேவைகளை மட்டும் பட்டியலிட்டு, உங்கள் கல்லூரி வழக்கமாகச் சேர்த்துக்கொண்டவற்றைத் தனியே பிரியுங்கள். ஒவ்வொரு ஆசிரியரும் ஒன்றொன்றாகச் சேர்த்து வந்திருப்பார்கள், யாரும் எதையும் எடுத்திருக்க மாட்டார்கள். எழுத்து இவ்வளவு பெருத்துப்போனது அப்படித்தான். எல்லாப் பாடத்து ஆசிரியர்களும் ஒரே காலண்டரில் கெடு தேதிகளைக் குறித்தால், கேஸ் ஸ்டடி, ஹெல்த் டாக், இன்டர்னல் மூன்றும் ஒரே வாரத்தில் வந்து விழுவது கண்ணுக்குத் தெரியும்.

தமிழ் வழி மாணவிகளைப் பற்றியும் ஒன்று. ஒரு பக்கத்தைப் படிக்க அவர்களுக்கு இரண்டு மடங்கு நேரம் ஆகிறது, அதனால்தான் தூக்கம் குறைகிறது. ஒவ்வொரு யூனிட்டுக்கும் 40, 50 கலைச்சொற்களைத் தமிழ் விளக்கத்தோடு ஒரு பக்கமாக முன்கூட்டியே கொடுங்கள். நோயாளிகளுக்குத் தமிழில் ஹெல்த் டாக் கொடுக்கும் வேலையில் இவர்கள்தான் முன்னால் நிற்பார்கள். அதற்கும் மதிப்பெண் போடுங்கள்.

---

ஓ.பி_செவிலி:

முதல் கேள்விக்கு.

பர்ன் அவுட் ஒரு நோயின் பெயர் அல்ல. உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலான ஐ.சி.டி.-11 அதை வேலை சார்ந்த நிலை என்றுதான் வைத்திருக்கிறது. மூன்று கூறுகள்: சக்தி வற்றிப்போவது, வேலையிலிருந்து மனம் விலகிப்போவது, 'என்னால் உருப்படியாக எதுவும் செய்ய முடியவில்லை' என்ற நினைப்பு. டிப்ரெஷன் அப்படி இல்லை, அது நோய்.

நடைமுறையில் பிரித்துப் பார்க்க இப்படிக் கேளுங்கள். நாலு நாள் லீவில் ஊருக்குப் போனபோது எப்படி இருந்தது? சாப்பாடு இறங்கியதா, தங்கையோடு சிரித்தாளா, ஞாயிறு சாயங்காலம் பஸ் ஏறும்போதுதான் நெஞ்சு அடைத்ததா? அப்படியானால் சுமை வேலையில் இருக்கிறது. ஊரிலும் எழுந்திருக்கப் பிடிக்கவில்லை, முன்பு பிடித்த எதுவும் பிடிக்கவில்லை, விடியற்காலை மூன்று மணிக்கே விழிப்பு, எல்லாம் தன் குற்றம் என்ற எண்ணம், இவை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் டிப்ரெஷனுக்குப் பரிசோதிக்க வேண்டும். இரண்டும் சேர்ந்தும் இருக்கும். ஒன்று முற்றி இன்னொன்றில் போய் முடிவதும் உண்டு.

அதற்கும் முன்னால் ரத்தப் பரிசோதனை. இதைத் தவறவிடாதீர்கள். ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் கீழே இருக்கும் பெண்ணுக்கு மூச்சு வாங்கலாம், கவனம் நிற்காமல் போகலாம், எரிச்சல் வரலாம். தைராய்டு குறைந்தாலும் தூக்கம், மந்தம், அழுகை எல்லாம் மனச்சோர்வு மாதிரியே இருக்கும். சி.பி.சி. (ரத்த அணுக்கள், ஹீமோகுளோபின்), டி.எஸ்.எச். (தைராய்டு) இரண்டையும் பேட்ச் முழுவதற்கும் எடுத்துவிடுங்கள். மாதவிடாய் அதிகமாகப் போகிறதா என்றும் கேளுங்கள். இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தால் எலுமிச்சைச் சாற்றோடு போடச் சொல்லுங்கள், டீ, காபிக்கும் அதற்கும் ஒரு மணி நேர இடைவெளி வேண்டும். ஹீமோகுளோபின் சரியான பிறகும் மூன்று மாதம் தொடர வேண்டும். பலர் 12 வந்தவுடன் நிறுத்திவிட்டு மறுபடி சரிகிறார்கள்.

காலைத் தலைசுற்றலுக்குக் காரணம் உங்கள் கேள்வியிலேயே இருக்கிறது. 6.30-க்கு பஸ் என்றால் மெஸ் எத்தனை மணிக்குத் திறக்கிறது? பல ஹாஸ்டல்களில் 7 மணிக்குத்தான். வெறும் வயிற்றோடு ஆறு மணி நேரம் நிற்கிறார்கள். 5.45-க்கு மெஸ் திறக்க வேண்டும், முடியாவிட்டால் இரண்டு இட்லியாவது பொட்டலம் கட்டிக் கொடுக்க வேண்டும். 10 மணிக்கு 20 நிமிட இடைவேளை, இரண்டு பிரிவாக. இதற்குக் கவுன்சலர் தேவையில்லை.

டிப்ரெஷன் இருக்கிறதா என்று பார்க்கும் வினாத்தாளான பி.எச்.கியூ-9 பற்றி. ஒன்பது கேள்வி, கடந்த இரண்டு வாரத்தைப் பற்றியது, மொத்தம் 27. பத்தும் அதற்கு மேலும் வந்தால் மருத்துவர் பார்க்க வேண்டும். 20-ம் அதற்கு மேலும் தீவிரம். தமிழிலேயே கிடைக்கிறது. ஆனால் வகுப்பில் தாளை விநியோகித்து, வாங்கி, பீரோவில் வைத்துவிட்டு அடுத்த வாரம் கூட்டிப் பார்ப்பது ஆபத்து. ஒன்பதாவது கேள்வி தற்கொலை எண்ணத்தைப் பற்றியது. அதில் பூஜ்யம் தவிர வேறு எதைக் குறித்திருந்தாலும் அன்றைக்கே ஒருவர் அவளோடு உட்கார்ந்து பேச வேண்டும். அன்றைக்கே பார்க்க ஆள் இல்லை என்றால் தாளைக் கொடுக்காதீர்கள். இன்டர்னல் மதிப்பெண் போடும் ஆசிரியரே அதைத் திருத்தவும் கூடாது. உண்மையை எழுத மாட்டார்கள்.

படிப்பை விடுகிறேன் என்கிற அந்த இரண்டு பேரிடமும் தனித்தனியாக, நேரடியாகக் கேளுங்கள்: "உயிரோடு இருக்க வேண்டாம்னு தோணுதா?" கேட்டால் எண்ணத்தை ஊட்டிவிடுவோமோ என்று பயப்படுகிறோம். அப்படி ஆவதில்லை. கேட்டதும் பலருக்குப் பாரம் இறங்குகிறது. "ஆமாம்" என்றால் அடுத்த கேள்வி, எப்படி என்று யோசித்திருக்கிறாளா, அதற்கானது கையில் இருக்கிறதா. திட்டம் இருந்தால் அவளைத் தனியே விடக் கூடாது. பாத்ரூமுக்கும் ஒருவர் கூடப் போக வேண்டும். அன்றே மருத்துவக் கல்லூரி மருத்துவமனை அல்லது மாவட்டத் தலைமை மருத்துவமனையின் மனநலப் பிரிவு, ராத்திரியானால் கேஷுவாலிட்டி. மருந்து எட்டும் தூரத்தில் இருக்கும் படிப்பு இது. அதனால் மருத்துவர் சரி என்று சொல்லும் வரை வார்டு போஸ்டிங் வேண்டாம். வீட்டுக்குச் சொல்ல வேண்டும், ஆனால் அவளிடம் சொல்லிவிட்டு, யாரிடம் சொன்னால் வசதி என்று கேட்டுச் சொல்லுங்கள்.

14416, டெலி மனஸ், 24 மணி நேரமும், தமிழில், கட்டணமில்லை. தமிழ்நாட்டின் 104-லும் பேசலாம். இந்த எண்களை நோட்டீஸ் போர்டில் மட்டும் ஒட்டினால் பயனில்லை. எல்லோர் எதிரிலும் நின்று யாரும் குறித்துக்கொள்ள மாட்டார்கள். ஐ.டி. கார்டின் பின்பக்கம் அச்சடியுங்கள், ஹாஸ்டல் கழிவறைக் கதவின் உட்புறம் ஒட்டுங்கள்.

---

வார்டு_இன்சார்ஜ்:

படித்தேன். எல்லாம் சரி, ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். வார்டில் கண்டிப்பு குறைந்தால் நோயாளிக்குத்தான் ஆபத்து. இன்சுலின் யூனிட் தப்பாக எடுக்கிற மாணவியைச் சிரித்துக்கொண்டே அனுப்ப முடியாது. இந்தத் தொழிலுக்கு மன உறுதி வேண்டும், அதைப் படிக்கும்போதே வளர்க்க வேண்டாமா?

சோர்ந்துபோன மாணவியை அழுகையை வைத்துக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. டி.பி.ஆர். சார்ட்டை (காய்ச்சல், நாடி, மூச்சு எண்ணிக்கை எழுதும் தாள்) பாருங்கள். எட்டு நோயாளிக்கும் ரெஸ்பிரேஷன் 20, பல்ஸ் 80, பி.பி. 120/80 என்று வரிசையாக எழுதியிருந்தால் அவள் கட்டிலருகே போகவே இல்லை. ஆஸ்துமாகாரருக்கும் 20, நிமோனியாவுக்கும் 20. இதைச் சோம்பேறித்தனம் என்று சொல்வதா, சோர்வு என்று சொல்வதா?

---

மனநல_விரிவுரையாளர்:

சிஸ்டர், அந்தச் சார்ட் உதாரணம் மிகச் சரியானது. எல்லோர் கண்ணுக்கும் தெரிகிற தடயம் அதுதான். ஆனால் பெயர் வைக்கும் முன் ஒன்று பாருங்கள்: அதே மாணவி முதல் செமஸ்டரில் எப்படி எழுதினாள்? அப்போது ஒழுங்காக ஒரு நிமிடம் எண்ணி எழுதியவள் இப்போது 20 போடுகிறாள் என்றால் அது குணம் அல்ல, மாற்றம். பர்ன் அவுட்டின் இரண்டாவது கூறு, மனம் விலகுவது, வார்டில் இப்படித்தான் தெரியும்.

கண்டிப்பு வேண்டும் என்பதில் உங்கள் பக்கம்தான் நானும். மருந்து கொடுக்கும் முன் மூன்று முறை சரிபார்ப்பது, இன்சுலினுக்கு இரண்டாவது ஆள் பார்ப்பது, இதில் விட்டுக்கொடுப்பே கூடாது. ஆனால் நோயாளி எதிரிலும் அட்டெண்டர் எதிரிலும் "நீயெல்லாம் எதுக்கு நர்சிங் வந்தே" என்று கேட்பது வேறு. அதன் விளைவு என்ன? அடுத்த முறை தவறு நடந்தால் சொல்ல மாட்டாள். ஊசி குத்திக்கொண்ட மாணவி திட்டுக்குப் பயந்து மறைத்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம், 72 மணி நேரத்துக்குள் தொடங்கியாக வேண்டும், 28 நாள் தொடர வேண்டும். மறைக்கும் பழக்கம்தான் வார்டில் பெரிய ஆபத்து. திருத்துவதைத் தனி அறையில், ஐந்து நிமிடத்தில், நடந்தது என்ன, நடந்திருக்க வேண்டியது என்ன என்று மட்டும் பேசி முடியுங்கள். அப்படியே அவளையே மறுபடி செய்துகாட்டச் சொல்லுங்கள்.

மன உறுதி என்று சொன்னீர்கள், அதற்கு ஒரு இடம் இருக்கிறது. முதல் மரணம். 19 வயதுப் பெண் சி.பி.ஆர். (நின்ற இதயத்தை இயக்க நெஞ்சை அழுத்தும் முயற்சி) பார்த்துவிட்டு, உடலைத் துடைத்து, தாடையைக் கட்டி, சொந்தக்காரர்கள் கதறலைத் தாண்டி, இரண்டு மணிக்கு வகுப்பில் வந்து உட்காருகிறாள். அன்று ஷிப்ட் முடிவதற்குள் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். என்ன நடந்தது, நாம் என்ன செய்தோம், இன்று ராத்திரி உன்னோடு ரூமில் யார் இருப்பார்கள், இவ்வளவுதான். எல்லோரையும் வட்டமாக உட்காரவைத்து உணர்ச்சியைக் கொட்டச் சொல்லிக் கட்டாயப்படுத்தாதீர்கள். அப்படி ஒரே அமர்வில் கொட்டவைப்பது பின்னால் வரும் பாதிப்பைத் தடுப்பதில்லை, சிலருக்குக் கூட்டவும் செய்யும் என்பது ஆய்வுகளில் தெரிந்த விஷயம். பேச விரும்பாதவள் பேச வேண்டாம். இரண்டு வாரம் கழித்தும் கனவு வருகிறது, அந்த வார்டுப் பக்கமே போக மறுக்கிறாள் என்றால் மனநலப் பிரிவுக்கு அனுப்பிவையுங்கள்.

இனி அட்டெண்டன்ஸ். ஒவ்வொரு பாடத்திலும் தியரி 80, பிராக்டிக்கல் 80 சதவீதம், காரணம் எதுவானாலும். மெடிக்கல் சர்டிபிகேட் கொடுத்தாலும் ஆப்சென்ட் ஆப்சென்ட்தான். அதே சமயம் பட்டம் வாங்கும் முன் கிளினிக்கல் (வார்டுப் பயிற்சி) 100 சதவீதம் முடித்தாக வேண்டும், விட்ட நாளை ஈடுசெய்து தர வேண்டும். 20 வாரத்தில் 80 சதவீதம் என்றால் நான்கு வாரம் கையில் இருக்கிறது. ஐந்தாவது, ஆறாவது வாரத்தில் திட்டமிட்டு இரண்டு வாரம் வீட்டுக்கு அனுப்பினால் அவள் 90-ல் நிற்பாள். அனுப்பாமல் இழுத்துக்கொண்டே போனால் 15-வது வாரத்தில் தானாகவே காணாமல் போவாள், அதற்குள் அங்கொன்றும் இங்கொன்றுமாக விட்ட நாட்களும் சேர்ந்து செமஸ்டரே போய்விடும். மொத்தக் கணக்கு மட்டும் போதாது, பாடவாரியாகப் பாருங்கள். 40 மணி நேரப் பாடத்தில் எட்டு மணிதான் விடலாம்.

---

நாலாம்செம்:

நான் படிக்கிற பொண்ணுதான் மேம். ரெண்டு கேள்வி. மனநல ஓ.பி.க்குப் போய் மாத்திரை சாப்பிட்டா காலேஜ் ஃபைல்ல வருமா? பின்னாடி கவுன்சில் ரெஜிஸ்ட்ரேஷன், ஃபாரின் வேலை எல்லாம் பாதிக்குமா? அப்புறம், தூக்கம் வரலன்னு கிளாஸ்ல சில பேர் அல்ப்ராக்ஸ் போடறாங்க, அது சேஃபா?

---

ஓ.பி_செவிலி:

கேட்டது நல்லதும்மா. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23-வது பிரிவுப்படி உன் சிகிச்சை விவரம் ரகசியம். உன் அனுமதி இல்லாமல் மருத்துவமனை கல்லூரிக்குச் சொல்ல முடியாது. உன் உயிருக்கோ மற்றவர் உயிருக்கோ ஆபத்து என்பது போன்ற சில விதிவிலக்குகள் மட்டும் உண்டு. லீவுக்குச் சர்டிபிகேட் வேண்டுமென்றால், ஓய்வு தேவை, இத்தனை நாள் என்று மட்டும் எழுதித் தரும்படி டாக்டரிடம் கேட்கலாம். கவுன்சில் பதிவு பட்டத்தையும் மதிப்பெண் சான்றிதழையும் வைத்து நடக்கிறது, ஓ.பி. சீட்டு அங்கே போவதில்லை. வெளிநாட்டைப் பொறுத்தவரை, உதாரணமாக பிரிட்டனின் நர்சிங் கவுன்சில் கேட்பது நீ பாதுகாப்பாக வேலை செய்யும் நிலையில் இருக்கிறாயா என்பதைத்தான். சிகிச்சை எடுத்துக்கொண்டு நன்றாக இருப்பது அதற்குத் தடையாகாது.

அந்த அல்ப்ராக்ஸ், அதாவது அல்ப்ராசோலம், வேண்டவே வேண்டாம். டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கவே கூடாத, ஷெட்யூல் எச்1 என்ற அரசுப் பட்டியலில் இருக்கும் மருந்து அது. சில வாரம் தினம் போட்டாலே உடம்பு பழகிவிடும். திடீரென்று நிறுத்தினால் படபடப்பு, தூக்கமின்மை முன்பைவிட அதிகமாக வரும், சிலருக்கு வலிப்பும் வரலாம். மறுநாள் காலை மந்தத்தோடு நீ மருந்து டிராலி தள்ளுவாய் என்பதையும் யோசி. ஏற்கெனவே தினம் போடும் தோழிகளிடம் "இன்னிக்கே நிறுத்து" என்று சொல்லாதே. டாக்டர் மேற்பார்வையில் படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

டிப்ரெஷனுக்கு டாக்டர் எழுதும் எஸ்.எஸ்.ஆர்.ஐ. மாத்திரை வேறு வகை. அது பழக்கமாவதில்லை. முதல் வாரம் குமட்டல், தலைவலி இருக்கும், பலன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். அந்த முதல் வாரத்திலேயே "வேலை செய்யலை" என்று நிறுத்துகிறவர்கள்தான் அதிகம். ஆரம்பத்தில் பதற்றம் கூடினாலோ, சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தாலோ அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்காதே, உடனே சொல். நன்றானபின்பும் குறைந்தது ஆறு மாதம் தொடரச் சொல்வார்கள். நைட் டியூட்டி வந்தாலும் மாத்திரை நேரத்தை மாற்றாமல் ஒரே மணியில் போடு.

---

டியூட்டர்_டெல்டா:

எல்லோருக்கும் நன்றி. அச்சடித்த கேர் பிளான் தாள், மெஸ் நேரம், சனிக்கிழமை வகுப்பு மூன்றையும் வரும் கூட்டத்தில் வைக்கிறேன். ஒரே ஒரு சந்தேகம் பாக்கி. சீனியர் பேட்சுக்கு நைட் போஸ்டிங் தொடங்குகிறது, ராத்திரி 7.30 முதல் காலை 7.30 வரை. அதற்கு என்ன ஏற்பாடு செய்ய?

---

வார்டு_இன்சார்ஜ்:

இதற்கு நான் சொல்கிறேன். நைட் பார்க்கிறவர்களை ஹாஸ்டலில் ஒரே அறையில் போடுங்கள். பகல் டியூட்டிக்காரியோடு கலந்தால் யாருமே தூங்க முடியாது. கறுப்புத் துணித் திரை, கதவில் 'நைட் டியூட்டி, தட்டாதீர்கள்' என்று அட்டை. வார்டன் ரோல் காலுக்கு எழுப்பக் கூடாது. மதியச் சாப்பாட்டை மெஸ்ஸில் எடுத்துவைக்கச் சொல்லுங்கள். அந்த வாரம் வகுப்பு, இன்டர்னல் எதுவும் கூடாது.

தூக்கத்தை இரண்டாகப் பிரிக்கலாம். காலை 9 முதல் 2 வரை, பிறகு சாயங்காலம் 5 முதல் ஆறரை வரை. மூன்றாம் நாள் தள்ளாடுவது பெரும்பாலும் இந்த இரண்டாவது தூக்கத்தை விட்டவர்கள்தான். காபி ராத்திரி 1 மணிக்குள் நிறுத்த வேண்டும், உடம்பில் பாதி இறங்கவே ஐந்தாறு மணி நேரம் ஆகும். 3 முதல் 5 மணி வரை மூளை அடியோடு மந்தமாகும் நேரம். அந்த நேரத்து டிரிப், ஊசி எதையும் மாணவி தனியாகப் போடக் கூடாது, ஸ்டாஃப் பக்கத்தில் நிற்க வேண்டும். 2 மணியளவில் முறை வைத்து 20 நிமிடம் கண்ணயர விடுங்கள், அலாரம் வைத்து. அதற்கு மேல் தூங்கினால் எழும்போது தலை கனக்கும். எழுந்தவுடன் மருந்து கலக்கக் கொடுக்காமல் பத்து நிமிடம் விட்டுக் கொடுங்கள்.

கடைசி நைட் முடிந்த காலையில் இரண்டு, மூன்று மணி நேரம் மட்டும் தூங்கி எழுந்து, ராத்திரி வழக்கமான நேரத்தில் படுத்தால் உடம்பு சீக்கிரம் பழைய நிலைக்குத் திரும்பும். அந்த ஒரு நாளையும் மறுநாளையும் ஆஃப் ஆக எழுதுங்கள். பலர் காலை இறங்கி அன்று மதியமே வகுப்புக்கு வரச் சொல்கிறார்கள், அதை மட்டும் செய்யாதீர்கள் மேடம். ஸ்கூட்டியில் வீட்டுக்குப் போகிற டே ஸ்காலர் பெண்களை நைட் முடிந்து ஓட்ட விடாதீர்கள், கல்லூரி பஸ்ஸில் அனுப்புங்கள்.